கருணை கேஸ்

எங்கள் மாதா கோயிலில் சாட்சி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் இருட்டு, நடுவில் ஆண்டவர், கடைசியில் நன்றி. வரிசை மாறினால் மடத்துச் சிஸ்டருக்கு முகம் வாடிவிடும். கோயிலைச் சேர்ந்த, வேலைக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேர், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ப்ளஸ் டூ படிக்கும் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து எந்தப் படிப்பு, எந்த வேலை, அதில் ஆண்டவருடைய சித்தம் என்ன என்று பேச வேண்டும் என்பது சிஸ்டருடைய ஏற்பாடு. எஸ்தர் வட்டம் என்று பெயரும் வைத்துவிட்டார். நர்ஸ் ஒருத்தி, டீச்சர் இரண்டு பேர், பேங்க்கில் இருக்கும் ஒருத்தி, அப்புறம் செஞ்சி தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராக இருக்கும் நான், மணிமொழி.

நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். சில வருஷங்களாக எனக்கு எதிலும் மனசு ஒட்டுவதில்லை. சாப்பிடுகிறேன், பஸ் ஏறுகிறேன், ஃபைல் எழுதுகிறேன், முட்டி போடச் சொன்னால் போடுகிறேன். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே மரத்துக் கிடக்கிறது. தொட்டால் தெரியும், வலிக்காது. இதைச் சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது? உன் கதைதான் பிள்ளைகளுக்குத் தேவை என்று அவர் பிடிவாதமாக நின்றார். மறுத்துப் பேசக்கூட அலுப்பாக இருந்ததால் போனேன்.

என் கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. என் கணவர் அன்புச்செல்வன் அதே தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தார். திண்டிவனம் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனார். அரசு வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் அவர் வீட்டில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. எனக்குக் கிடைத்தது அந்த வேலை. அவர் பார்த்த செக்‌ஷன், அவர் உட்கார்ந்த நாற்காலி. நாற்காலியை மாற்றிப் போடச் சொல்லட்டுமா என்று ஹெட் கிளார்க் கேட்டார். எதுவானால் என்ன சார் என்றேன். புதிதாக மாற்றலாகி வருகிறவர்களுக்கு என்னைக் கருணை கேஸ் என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். அதில் தப்பு இல்லை. ஃபைலிலும் அப்படித்தான் இருக்கிறது.

ஜூன் மாதம் இதைப் பிள்ளைகள் முன்னால் எழுந்து சொன்னேன். முறைப்படி சொன்னேன். கணவர் இறந்தார். ஆண்டவர் ஒரு கதவை அடைத்து இன்னொரு கதவைத் திறந்தார். அவர் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தார். அதற்காக ஆண்டவருக்கு நன்றி. வாய் பாட்டுக்குச் சொல்லி முடித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். சிஸ்டர் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வீட்டில் புளி தீர்ந்துபோனது ஞாபகத்துக்கு வந்தது.

எந்தப் பிள்ளைக்கு எந்த அக்கா என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். வருஷப் பிறப்பன்று அந்த வருஷத்துப் பாதுகாவலராக ஒரு புனிதர் பெயரை எடுப்போமே, அதே மாதிரி பீடத்துக்கு முன்னால் கூடையை வைத்து. ஜாஸ்மினுக்கு என் பெயர் வந்தது. நர்ஸ் படிப்புப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை. நர்ஸ் அக்கா பெயர் வந்திருக்கக் கூடாதா என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. நானும் அதையேதான் நினைத்தேன். ஆவியானவர் சேர்த்து வைத்தது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அப்புறம் யார் பேசுவது.

ஜாஸ்மின் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. கேட்டதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்கிற பிள்ளை. எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும், எங்கே மனுப் போட வேண்டும் என்று நான் ஆபீஸ் குரலில் சொல்லிக்கொண்டே போவேன், அவள் தலையாட்டுவாள். கடைசியில் பிள்ளை தன் விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும், அக்கா அவள் தலைமேல் கை வைத்து அதைச் சத்தமாகச் செபிக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் அவளுக்கு ஒரே விண்ணப்பம், நைனாவுக்கு உடம்பு நல்லாக வேண்டும். அவளுடைய அப்பா அருள்சாமி நெடுஞ்சாலையில் சாலைப் பணியாளர். ரோட்டோரப் புளியமரங்களுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கும்போது பஸ் ஜன்னலிலிருந்து நானே அவரைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை வியாதி. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. ஆண்டவரே குணமாக்கும் என்று நான் சொல்வேன், அவள் ஆமென் என்பாள். நான் கையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தலையில் கையை வைத்து விண்ணப்பத்தைச் சொல் என்றேன். இந்த வாரம் வேறு மாதிரி செபம் பண்ணுங்க என்றாள். எந்த மாதிரி என்று கேட்டேன்.

"நைனா ஊசி போட்டுக்கறதில்லக்கா. மாத்திரையையும் துப்பிடறாரு. கால் கறுத்துப் போச்சு, ஆஸ்பத்திரிக்கு இஸ்துனு போனாலும் வர மாட்டேங்கறாரு. இந்த மாசக் கடைசியோட அவருக்கு ரிட்டையரு. அதுக்குள்ள போயிட்டா எனக்கு வேலை கிடைக்குமாம்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"நீங்கதான்க்கா. நான் வீட்ல போய்ச் சொன்னேன்."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. எந்தக் காலேஜில் சீட்டு கிடைக்கும் என்று கேட்கிற குரல்தான். அம்மாவும் தினம் முட்டி போட்டு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம், எதற்கென்று சொல்வதில்லையாம். நான் என்ன வேண்டுவது, நீங்கள் சொல்லுங்கள் என்றாள். நான் வாயைத் திறந்தேன். எப்போதும் தானாகப் பேசுகிற வாயில் அன்றைக்கு வார்த்தை வரவில்லை. சுட்டதுபோல அவள் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அது பயம் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு நாளாயிற்று அது வந்து.

சிஸ்டரிடம் சொன்னேன். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். எல்லோரும் சேர்ந்து செபமாலை சொல்லலாம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார். ஆண்டவர் பார்க்கட்டும், நானும் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவரிடம் அப்படி வெடுக்கென்று பேசியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அமாவாசை. இருக்கிற பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் ஏற்றிக்கொண்டிருந்தன. ஷேர் ஆட்டோ பிடித்து ஜாஸ்மினோடு அவர்கள் ஊருக்குப் போனேன்.

வாசல்படியிலேயே வாடை அடித்தது. அருள்சாமி கட்டிலில் காலைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். சாகப்போகிற ஆள் அழுது புலம்பிக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் போனேன். ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் போல நிம்மதியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். ஜாஸ்மினின் அம்மா டீ போட அடுப்படிக்குப் போனாள்.

"வாம்மா. உன்னாலதான் எனக்கு ஒரு தெளிவு வந்துச்சு. ரிட்டையராயி வீட்ல குந்திக்கினு இந்தப் பொண்ணுக்கு நான் இன்னா செய்ய முடியும்? எப்படியும் போற உசுரு. பத்து நாள் முன்னால போனா அதுக்கு ஒரு வழி ஆவுது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜூன் மாதம் சொன்னதையே அவருக்கு மறுபடி சொன்னேன்.

"ஐயா, கோயில்ல நான் சொன்னதுல பாதிதான் நெசம். வேலை கிடைச்சது நெசம். அதுக்கு நன்றின்னு சொன்னது பொய்."

பிறகு வரிசை இல்லாமல் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். பழைய ஃபைலைப் பிரித்தால் அவர் கையெழுத்து இருக்கும். அதற்குக் கீழேயே நான் எழுத வேண்டும். அன்பு சார் இல்லையா என்று இன்னும் யாராவது கிராமத்திலிருந்து வந்து கேட்பார்கள், இல்லை என்பேன். வேலை ஆர்டர் வந்த அன்று தெருவே வந்து வாழ்த்துச் சொன்னது. அவரைப் புதைத்த அன்று வந்தவர்கள்தான் அவர்களும். சாவுக்கு வந்தவர்களுக்கு டீ கொடுத்த டம்ளரில்தான் இவர்களுக்கும் கொடுத்தேன். எனக்கு அன்றிலிருந்து அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஜாஸ்மினை அந்த நாற்காலியில் உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள் என்றேன். அவ்வளவையும் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ பொண்டாட்டிம்மா. உனக்கு அப்படித்தான் இருக்கும். பசங்க மறந்துடுங்க."

மறந்துவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. டீ ஆறிக்கொண்டிருந்தது. வந்த வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று செருப்பைத் தேடினேன். கதவோரம் நின்றிருந்த ஜாஸ்மின் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நைனா, நீ செத்தா அந்த வேலைக்கு நான் எழுதிப் போட மாட்டேன். யாரு சொன்னாலும் மாட்டேன். மாதா மேல சத்தியம்."

அவள் அம்மா பாய்ந்துவந்து அவள் வாயைப் பொத்தினாள். வார்த்தை வெளியே வந்தாயிற்று. மாதா திருவிழாக் கொடியை இறக்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த ஊரில் மாதா மேல் சத்தியம் செய்துவிட்டால் அதைத் திருப்பி வாங்க யாருக்கும் வாய் வராது. பங்குச் சாமியாரே வந்து சொன்னாலும் நடக்காது. அருள்சாமி அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். வெளியே போடி என்றார். அவள் போகவில்லை. திட்டுகிற திட்டு குறைந்து குறைந்து, கடைசியில் அவர் பேச்சு நின்றது. போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். அந்தக் காலை அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். அந்த முகத்தில் இருந்த நிம்மதி போய்விட்டது. இப்போது அவருக்கு வலித்தது.

"வண்டியக் கூப்புடுங்க" என்றார்.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றார்களாம். மாதக் கடைசி நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னாலேயே அவரோடு வேலை பார்த்தவர்கள் வந்து, பணி நிறைவுக்கு ஒரு சால்வையைப் போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சால்வை கால்மாட்டில் மடித்துக் கிடந்தது. கால் ஒன்றுதான் இருந்தது. அருள்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை என்று ஜாஸ்மின் சொன்னாள்.

அவள் அம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். நர்சிங் சீட்டுக்கு என்னால் முடிந்ததை அலைந்து பார்க்கிறேன், சிஸ்டரும் காலேஜில் பேசுகிறேன் என்றிருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"உனக்கு வேலை இருக்குதும்மா. நீ பேசலாம்."

உண்மைதான். உண்மையைச் சொன்னால் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆபீஸ் விடுகிற நேரம் வந்தது, தாண்டியும் போனது. அருள்சாமியின் வேலை அதோடு முடிந்தது. இனிமேல் அவர் செத்தாலும் யாருக்கும் வேலை இல்லை. நாங்கள் நாலு பேரும் அதை மனசுக்குள் நினைத்துக்கொண்டுதான் இருந்தோம். அவர் சுவரைப் பார்த்தபடியே குரல் கொடுத்தார்.

"ஜாஸ்மினு, சாப்டியா?"

"இல்ல நைனா."

"காலையிலேர்ந்தேவா? போ, போய்ச் சாப்டு. அந்த அக்காவயும் இட்டுனு போ."

ஜாஸ்மின் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, வாங்கக்கா என்று முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். அன்பு போனதிலிருந்து எனக்குச் சம்பளம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. வராந்தா பாதிகூடத் தாண்டவில்லை. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வாயில் முந்தானையை அடைத்துப் பார்த்தும் சத்தம் நிற்கவில்லை.

டிரேயோடு போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி குனிந்து என் தோளைத் தொட்டாள்.

"யாரும்மா எறந்தது?"

"என் வீட்டுக்காரர்" என்றேன்.