சாப்பாட்டு மேசைச் சபை

நான் வேலை செய்த வீட்டில் ஜன்னல் திறப்பதற்கும் வாக்கெடுப்பு. விசர் வீடு என்று நினைப்பீர்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். சிசிலியில், வியா மக்வேதா என்ற தெருவில் மூன்றாம் மாடி. எண்பது தாண்டிய அண்ணன் தம்பி இரண்டு பேர், இருவருக்கும் பெண்சாதிமார் இல்லை. சமைக்கவும் தோய்க்கவும் குளிக்க வார்க்கவும் நான், கத்தரீனா.

பெரியவர் தொன் கயெத்தானோ. உலக யுத்தம் முடிந்து சிசிலிக்கென்று தனிச் சட்டசபை வந்தபோது, சனம் வாக்குப் போட்டு அனுப்பிய ஆள். சின்னவர் தொன் கலோஜெரோ. சட்டசபைக்கு முன்னே இருந்த ஆலோசனைச் சபையில் நியமன அங்கத்தவர். அபிப்பிராயம் சொல்லலாம், அவ்வளவுதான். "உன்னை ஆர் தெரிவு செய்தது?" என்று பெரியவர் ஐம்பது வருசமாகக் குத்திக்கொண்டிருந்தார். வீடும் பென்சனும் பெரியவருடையவை. சின்னவர் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தவர்.

எனக்கும் வாக்கு வாங்கித் தந்தது அந்தச் சின்னவர்தான்.

"இந்தச் சூட்டில அடுப்படியில நிக்கிறது இவள். இவளுக்கும் வாக்கு வேணும்," என்றார். "வாக்கில்லாமல் இருக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்."

பெரியவர் முறைத்தார், ஆனால் மறுக்கவில்லை. தோற்றால் ஏற்றுக்கொள்ளும் குணம் அவரிடம் இருந்தது. அதன்பிறகு நானும் சின்னவரும் சேர்ந்து எத்தனையோ தரம் வென்றோம். ஜன்னல் திறந்தது. மத்தியானம் றேடியோ நின்றது. ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போக எனக்கு லீவு கிடைத்தது.

அந்தத் துணிவில்தான் ஜெனுஷாவின் கதையை எடுத்தேன். என் மகள். சண்டைக்குப் பயந்து மன்னாரிலிருந்து ஓடி, மடு அகதி முகாமில் ஒரு கொட்டிலில் என் தங்கச்சியோடு இருந்தாள். பெரியவர் என் வேலையைச் சட்டப்படி பதிந்தால் பிள்ளையை இங்கே கூப்பிடலாம். பதினெட்டு வயது முடிந்தால் கூப்பிட ஏலாது. வருகிற ஓகஸ்டில் அவளுக்குப் பதினெட்டு. பதிந்தால் மாதாமாதம் காசு கட்டவேண்டுமே என்று பெரியவர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

"மேசையில வாக்குக்கு விடப்போறன்," என்று எமிலியானா அக்காவிடம் சொன்னேன். அல்பெர்கேரியா என்ற பகுதியில் நானும் அவவும் ஒரே வாடகை அறை.

"அந்தச் சின்னவரை நம்பி மோசம் போகாதை," என்றா அக்கா. "ஜன்னலுக்குக் கை தூக்கிறவர் எல்லாத்துக்கும் தூக்குவாரோ?"

"உங்களுக்கு எரிச்சல்," என்றேன். எனக்கு நம்பிக்கை இருந்தது.

சின்னவரே எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு பிரேரணையை எடுத்தார். யுத்தத்தைச் சொன்னார், கொட்டிலைச் சொன்னார், தாய் ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கம் என்றார். பேச்சென்றால் அதுதான் பேச்சு. எனக்குக் கண் கலங்கியது.

பெரியவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் எதிர்," என்றார். பிறகு தம்பியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அந்தக் காசு கட்டுறதெண்டால் இந்த வீட்டில ஒராளின்ர செலவு குறையவேணும். சரி, வாக்கெடுப்பம்."

நான் கையைத் தூக்கினேன். சின்னவரின் கை பாண் துண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

"நான் நியமன அங்கத்தவர்தானே," என்றார், ஒருவரையும் பாராமல். "எனக்கு வாக்கில்லை, அபிப்பிராயம் மட்டும்தான். என்ர அபிப்பிராயம் கத்தரீனாவின்ர பக்கம்."

ஒன்றுக்கு ஒன்று. சமன் வந்தால் தலைவர் சொல்வதுதான் முடிவு என்றார் பெரியவர். தலைவரும் அவரேதான். ஐம்பது வருசமாக வாக்கில்லை வாக்கில்லை என்று அழுத மனிசன், அவரின் வாக்கு உண்மையில் தேவைப்பட்ட ஒரேயொரு நாளில் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்.

சின்னவர் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தார்.

"நான் கதைச்சது நல்லாத்தானே இருந்தது?"

"ஓம்," என்றேன். "நல்ல பேச்சு."

பிறகு சீசா என்ற பகுதி வரை வேறு வீடுகள் தேடி அலைந்தேன். பதிவு என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரச் சிஞ்ஞோராமார் கையை விரித்தார்கள். ஓகஸ்டும் வந்தது.

ஜெனுஷாவுக்குப் பதினெட்டு முடிந்த அன்று மேசையில் மீன் வைத்தேன். காற்றில்லாத வெக்கை. சின்னவருக்கு மூச்சு வாங்கியது.

"ஜன்னலைத் திறக்க," என்று கையை உயர்த்தினார். நன்றாக, தலைக்கு மேலே.

பெரியவருக்குத் தெரு இரைச்சல் ஆகாது. "எதிர்," என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நானும் எதிர்," என்றேன்.

சின்னவர் கையை இறக்க மறந்துபோனார். "ஏன், கத்தரீனா?"

"உங்களுக்குத்தான் வாக்கில்லையே. அபிப்பிராயத்தைச் சொல்லுங்கோ, கேக்கிறம்."

"சரியான வெக்கையா இருக்கு," என்றார்.

ஓம் என்று சொல்லி, அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் மீனை வைத்தேன்.