கக்கூஸுக்குப் பக்கத்து அறை

தாராவியில் கோலி, அதாவது குடியிருக்க ஓர் அறை, பார்க்கப் போகிறவர்கள் மூன்றே மூன்று விஷயம் கேட்பார்கள். மாடியா கீழா, ஓரமா நடுவா, கக்கூஸ் எத்தனை அடி தூரம். கீழ் வீடு என்றால் மழை பிறந்த முதல் வாரமே சாக்கடை உள்ளே வந்து அடுப்பை அணைக்கும். நடு வீடு என்றால் சாலில், அதாவது அந்த வரிசை வீடுகளில், இருக்கிற அத்தனை பேரும் நம் வாசலை மிதித்துக்கொண்டுதான் போவார்கள். கக்கூஸ் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் அங்கே ஒன்பது வருஷம் இருந்தவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்றையும் சொல்வேன்.

அதனால்தான் அறுபத்தோராம் வருஷம் ஜூன் மாதம், எங்களுக்குக் கப்பலில் இடம் எடுக்க என் காக்கா, கூடப் பிறந்த அண்ணன், ஷேக் பரீத் கிளம்பியபோது, வாசல்வரை பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

“மேல் மாடியாப் பாருங்க காக்கா. ஓரத்து ரூமு. கக்கூஸ் கிட்டக்க இருந்தா வேண்டாம்னுருங்க.”

“இது எனக்குத் தெரியாதாளா?” என்றார். பதினைந்து பேர் வேலை செய்கிற தோல் பை பட்டறை வைத்திருக்கிறவர். அவருக்குத் தெரியாத விஷயம் துனியாவிலேயே கிடையாது என்று அவருக்கு ஓர் எண்ணம்.

என் வீட்டுக்காரர் சலாவுதீன் ஆப்பிரிக்காவில் மொம்பாசாவில் ஒரு தோல் பட்டறைக்கு மேஸ்திரியாகப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை நானும் பிள்ளைகளும் காக்கா வீட்டில்தான். இப்போது எங்களுக்கு அனுமதிக் காகிதம் வந்துவிட்டது. ஆனால் ஜூலை முடிவதற்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது. மழைக்காலக் கடல், ஒன்பது நாள் பயணம். மூத்தவன் முகைதீனுக்கு ஆறு வயது. கடைக்குட்டி நாகூர் கனிக்குப் பத்து மாதம். இவர்கள் இருவரையும் பற்றி எனக்குக் கவலை இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஜாதி, வாப்பாவைப் போல.

நடுவில் இருக்கிறவள்தான் என் உயிரை வாங்கினாள். ஆபிதா, நாலு வயது. முந்தின வருஷம் ஒரு நிக்காஹுக்காகக் கடலுக்கு அக்கரையில் உள்ள உரனுக்கு லாஞ்சில் போனோம். ஒன்றரை மணி நேரப் பயணம்தான். ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாந்தி. இறங்கிய பிறகும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் கண் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஒன்றரை மணி நேரத்துக்கே அப்படியென்றால் ஒன்பது நாள்?

“பிள்ளையை இங்கன விட்டுட்டுப் போ. மழை முடிஞ்சப்புறம் யாராவது வார ஆளோட அனுப்புதேன்” என்று காக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அதற்குப் பின்னால் பீவி மைனி நின்றாள்.

பீவி மைனிக்கும் காக்காவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. ஆபிதாவைக் குளிப்பாட்டுவது மைனி, தலை பின்னுவது மைனி. ராத்திரி ஆபிதா தூங்குவதே மைனியின் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டுதான். பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை மைனி கேட்டதில்லை. ஆனால் போன பெருநாளுக்கே ஆபிதாவுக்கு மட்டும் மூன்று பாவாடை தைத்து வைத்திருந்தாள், மூன்றும் அடுத்த வருஷத்து அளவு. மைனி கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். சண்டை போட்டிருப்பேன். அவள் நல்லவள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வருஷம் விட்டுப் போனால் என் பிள்ளை என்னை உம்மா என்று கூப்பிடுவாளா என்ற பயம்.

காக்கா அன்று சாயங்காலம் முகம் நிறையச் சிரிப்போடு திரும்பி வந்தார்.

“மேல்தளம். முன்பக்கத்து மூலை. கக்கூஸ் எங்கயோ கிடக்கு, அறுபது எழுபது அடி இருக்கும். காத்து பிச்சுக்கிட்டு வரும்ளா.”

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சால் முழுக்கச் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து டிக்கெட் வாங்க வரச் சொன்னார்கள். பிள்ளைகளையும் அம்மை குத்திய சீட்டையும் நேரில் காட்ட வேண்டுமாம். பல்லார்ட் எஸ்டேட்டில் இருந்த கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் பஸ்ஸில் போனோம். கூட்டம், நாங்கள் நான்கு பேரும் காக்காவும் கடைசி சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பரேல் தாண்டும்போதே ஆபிதா முகம் வெளுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள், பாவம். ஆபீசுக்குள் நுழைந்து, நீளமான மேஜைக்கு முன்னால் அவளைத் தூக்கி நிறுத்தினேன். அந்த மேஜையில் கப்பலின் படம் விரித்து வைத்திருந்தது. மேல்தளம், கீழ்த்தளம், அறைகள், எல்லாம் நம்பர் போட்ட பெரிய காகிதம். ஆபிதா அதைக் குனிந்து பார்த்தாள். பார்த்த கையோடு படத்திலிருந்த முன்தளம் முழுவதும் வாந்தி எடுத்துவிட்டாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா எழுந்து நின்றார். முப்பது வயது இருக்கும், கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. நான் ஹிந்தியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முந்தானையால் துடைத்தேன். காக்கா என்னைப் பார்த்துத் தமிழில் கத்தினார்.

“இதுக்குத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன், பிள்ளையை விட்டுட்டுப் போன்னு. கேக்கியா நீ?”

“காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வரச் சொன்னது யாரு? நீங்கதானே?” என்றேன் நான்.

“ரெண்டு பேரும் சித்த நிறுத்தறேளா?” என்றார் குமாஸ்தா தமிழில். “என் பேர் நாணு. மாட்டுங்காவுல இருக்கேன். உங்க டிக்கெட்டை நான்தான் போட்டேன். இந்தக் குழந்தையும் அந்த ரூம்லயா வரப் போறது?”

“ஆமா” என்றேன்.

“முன் மூலை, மேல்தளம். அந்த ரூமை வேணும்னு கேட்டு வாங்கிண்டு போனது யார்?”

காக்கா நெஞ்சை நிமிர்த்தினார். “நான்தான். ஏன், நல்ல ரூம்தானே?”

“டிசம்பர்ல நல்ல ரூம். இந்த மழைக்காலத்துல அங்கே பெரிய ஆம்பிளைகளே படுத்துண்டு எழுந்திருக்க மாட்டா. ஏன் அதைக் கேட்டேள்?”

காக்கா சொன்னார். மாடி, ஓரம், கக்கூஸிலிருந்து தூரம். மூன்றையும் விரல் மடக்கிச் சொன்னார். நாணு முதலில் கோபமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், மூன்றாவது விரலில் சிரித்துவிட்டார்.

“ஏன் சார், கப்பல் என்ன சாலா? கீழ்த்தளத்துல சாக்கடைத் தண்ணி வருமா?”

சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. “எங்க ஊட்டுல வருது. வராத எடத்துல இருக்கவங்க சிரிக்கலாம்” என்றேன்.

நாணு சிரிப்பை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. மேஜையிலிருந்த அடிக்கோலை எடுத்து நடுவில் இரண்டு விரலால் பிடித்தார். மெல்ல அசைத்தார். இரண்டு முனையும் மேலும் கீழும் போய் வந்தன. அவர் விரல் இருந்த இடம் மட்டும் அப்படியே நின்றது.

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. “பஸ்ல கடைசி சீட்டு” என்றேன். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் என் மகளை அந்த சீட்டில் உட்கார வைத்து நானே குலுக்கிக்கொண்டு வந்தேன்.

“அதேதான். உசரம் போகப் போக ஆட்டம் ஜாஸ்தி. ஓரம் போகப் போக ஜாஸ்தி. குழந்தைகளோட போறவாளுக்கு வேண்டியது கீழே, நடுவுல, பாத்ரூமை ஒட்டி. ராத்திரி மூணு குழந்தைகளைத் தூக்கிண்டு எழுபது அடி ஆடிண்டே போவேளா?”

ஆழம் தெரியாமல் காலை விட்டது காக்கா மட்டும் இல்லை. சொல்லி அனுப்பினவள் நான். யா அல்லா, என் வாயாலேயே என் பிள்ளைக்குக் குழி வெட்டியிருக்கிறேன். நாகூர் கனியை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன்.

“அப்படி ரூம் இருக்கா?” என்று கேட்டேன்.

நாணு படத்தின் கீழ்ப்பகுதியில் விரல் வைத்தார். “ஒண்ணே ஒண்ணு காலியா இருக்கு. யாருக்குக் குடுத்தாலும் திருப்பிண்டு வந்துடறா. ஒரு பக்கம் கக்கூஸ், ஒரு பக்கம் பாத்ரூம். கீழே எஞ்ஜின் சத்தம் கொஞ்சம் வரும். ஜன்னலைத் திறக்க முடியாது, அலை அடிக்கும். ஆனா கப்பல்ல அதைவிட ஆடாத இடம் கிடையாது.”

“கக்கூஸுக்கும் குளியலறைக்கும் நடுவுல எந்தங்கச்சியா?” காக்கா முகம் சுருங்கிவிட்டது. “ஊருல கேட்டா என்ன சொல்லுவான்?”

“ஊர்ல எவனும் அந்தக் கப்பல்ல வரல காக்கா” என்றேன்.

நாணு புதுச் சீட்டை எடுத்து மை தொட்டார். மாமூலாகக் கேட்கிறவர் போல, தலையைத் தூக்காமல் கேட்டார். “உங்களோட குழந்தைகள் எத்தனை? ரெண்டா, மூணா?”

காக்கா என் பக்கம் திரும்பினார். இந்த முறை கத்தவில்லை. “ரஷீதா, நல்ல ரூமாவே இருக்கட்டும். ஒம்போது நாளுளா. நடுக்கடலுல ஆஸ்பத்திரியா இருக்கு? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. பீவி கண்ணுல வச்சுப் பாத்துக்குவா.”

அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆபிதா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயோரம் துடைக்காமல் இருந்தது. அவள் அழவில்லை. வாந்தி எடுத்ததற்கு அடி விழுமோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை ஒரு வருஷம் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது என்று தெரிந்தது. தப்பாகப் போனால் அந்தப் பார்வையே இருக்காது என்பதும் தெரிந்தது. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

“கப்பல்ல டாக்டர் உண்டா? தண்ணி ஏத்துற ஊசி?” என்று நாணுவைக் கேட்டேன்.

“ரெண்டும் உண்டு. அந்த ரூம்லேர்ந்து நாலு கதவு தள்ளி.”

“மூணு பிள்ளைங்க” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. நாணு எழுதினார். காக்கா ஆபிதாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் நடு சீட்டுக்காக இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினார்.

கப்பல் புறப்பட்ட அன்று தூறல். பீவி மைனி துறைமுகம்வரை ஆபிதாவை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. தடுப்புக் கம்பி வந்தது, அதற்கு மேல் டிக்கெட் இல்லாதவர்களுக்கு வழி இல்லை. மைனி தன் முந்தியைப் பிடித்திருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தாள். அடுத்த வருஷத்து அளவில் தைத்த மூன்று பாவாடையும் ஒரு துணிப்பையில் இருந்தது. அதையும் கொடுத்தாள்.

“போயிட்டு வான்னு சொல்லமாட்டேன்ளா. போய்ச் சேந்ததும் எழுது” என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்கு அவள்மேல் இருந்த பயமெல்லாம் வெட்கமாக மாறிவிட்டது.

எங்கள் அறையைப் பார்த்ததும் முகைதீன் மூக்கைப் பொத்தினான். பினாயில் வாடை. நாலு படுக்கை, ஒரு வட்ட ஜன்னல், அதுவும் இரும்பு மூடியால் திருகி மூடியிருந்தது. தரைக்குக் கீழே எஞ்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. நான் நாலு டவலும் ஒரு பேசினும் ஆபிதாவின் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அவளையே பார்த்தபடி உட்கார்ந்தேன். கப்பல் நகர்ந்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அவள் தூங்கிப் போனாள். மூச்சு சீராக வந்தது. விடியும்வரை அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் பெரிய அலை. மேல்தளத்திலிருந்து ஆட்களைத் தாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போவது எங்கள் வாசலிலேயே தெரிந்தது. அங்கேதான் நாங்களும் இருந்திருப்போம். அல்லா காப்பாற்றினான் என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். எழுந்ததுதான் தெரியும். தலை சுற்றி, வயிறு புரண்டு, நான் ஆபிதாவுக்காக வைத்திருந்த பேசினில் நானே வாந்தி எடுத்தேன். பிறகு படுத்தவள் படுத்தவள்தான். நாகூர் கனியைக் கப்பல் ஆயா தூக்கிக்கொண்டு போனாள். முகைதீன் வராந்தாவில் யாரோ ஒரு பையனோடு ஓடிக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்தால் கூரை கீழே வந்தது.

யாரோ என் தோளைத் தட்டினார்கள். ஆபிதா. கையில் அலுமினியத் தம்ளர். அடுத்த கதவில் இருந்த குடிதண்ணீர்க் குழாயில் தானே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நாலே எட்டு. அதற்குள் பாதியைப் பாவாடையில் கொட்டியிருந்தாள்.

“உம்மா, கொஞ்சமாக் குடி. ஒரு வாய் குடிச்சிட்டுப் பத்து எண்ணணும். அப்புறம் இன்னொரு வாய். அப்பத்தான் நிக்கும்.”

இது நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. ஆஸ்பத்திரியில் ராப்பகலாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்த பீவி மைனியின் பேச்சு அது. நான் அப்போது வராந்தாவில் அழுதுகொண்டிருந்தேன்.

ஒரு வாய் குடித்தேன். ஆபிதா விரல் விட்டு எண்ணினாள். ஏழுக்குப் பிறகு ஒன்பது என்றாள். இன்னொரு வாய் கொடுத்தாள். தண்ணீர் உள்ளே நின்றது. அவள் என் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்து, திருப்தியாகத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“உம்மா, இங்கன சோறு எப்பத் தருவாங்க? எனக்குப் பசிக்குது.”

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கப்பல் எப்படி வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளட்டும், என் பிள்ளைக்குப் பசிக்கிறது.