மூன்றாவது மாடியில் ஒருத்தி

வைத்தியக்காரி பசிலியா அம்மா கறுப்புக் கினிப்பன்றியை சபினாவின் பிடரியில் வைத்து, அங்கிருந்து இடுப்புவரை மெதுவாகத் தேய்த்து இறக்கினாள். அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது சபினாவுக்குத் தோலில் தெரிந்தது. தழும்பு தொடங்கும் இடத்தில் ஒருமுறை கீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை. குப்புறப் படு என்று பசிலியா அம்மா சொன்னபோது சபினா மறுத்து, முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஆபரேஷன் ஆன இந்த மூன்று வருஷத்தில் அவள் ஒருநாளும் குப்புறப் படுத்ததில்லை.

தேய்க்கையில் செத்த கினிப்பன்றியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கீறிப் பார்ப்பார்கள். நோயாளிக்கு எங்கே கோளாறோ, அதன் உடம்பிலும் அங்கே கறுத்திருக்கும். வாசற்படியில் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்த சபினாவின் புருஷன் ஃபெர்மின் எட்டிப் பார்த்தான்.

"முதுகெலும்பு வெள்ளையா இருக்கு" என்றாள் பசிலியா அம்மா. "ஒரு குத்தமும் இல்ல."

"எப்படி இல்லாம போகும்? உள்ள ஆறு திருகாணி இருக்கே."

"ஆணி இருக்கட்டும்யா. நான் சொல்றது வேற. நெஞ்சுப் பக்கம் பாரு, வெறிச்சோடிக் கெடக்கு. இவ பாதிதான் இங்க வந்து உக்காந்திருக்கா. மீதிய எங்க விட்டுட்டு வந்தீங்க?"

"அதான் மூணு தடவ போய்க் கூப்ட்டாச்சே தாயி."

கூப்பிட்டது உண்மைதான். விபத்து நடந்த அன்று லாரியை ஓட்டியவன் ஃபெர்மின். மலைப்பாதையின் கழுகு வளைவில் குறுக்கே வந்த ஆட்டுக்கு ஒடித்துத் திருப்பினான். உருளைக்கிழங்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த சபினா மூட்டைகளோடு பள்ளத்தில் போய் விழுந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று ஊர் ஆறுதல் சொன்னது. ஊருக்கென்ன, முதுகா வலிக்கிறது? பயந்த இடத்தில் ஆவி தங்கிவிடும், உடுத்திய துணியைக் காட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வரும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஃபெர்மின் அவள் சால்வையோடு அந்த வளைவில் போய் நின்று கத்தினான். கத்தி முடித்து, உட்கார்ந்து அழுதான். லாரியை அந்த வருஷமே விற்றுவிட்டான்.

வலி மட்டும் போகவில்லை. காலையில் எழுந்ததும் அவளுக்கு முன்னால் அது எழுந்திருக்கும். சந்தையில் சூப் விற்கும் சபினா நின்றுகொண்டே கிழங்கு தோலுரித்தாள், உட்கார்ந்தால் இடது கால் மரத்துவிடும் என்பதால். அண்டாவைத் தூக்க அடுத்த கடைக்காரியைக் கூப்பிட வேண்டும். அந்தப் புண்ணியவதி வருவாள், வந்து முகத்தையும் தூக்கி வைத்துக்கொள்வாள். படமெடுத்துப் பார்த்த டாக்டர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது, வலி மனசில்தான் என்றார்கள். போன மாதம் ஒரு புது டாக்டர் மட்டும் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஓர் ஆணி தளர்ந்திருக்கிறது என்றார். திங்கட்கிழமை மறுபடி திறக்க வேண்டும். அதே ஆஸ்பத்திரி, அதே மூன்றாவது மாடி. அதைக் கேட்டதிலிருந்து சபினாவுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பசிலியா அம்மா கையைக் கழுவிவிட்டு அவள் எதிரில் வந்து குந்தினாள். "நீ வாயத் தொறந்து சொல்லு மகளே. எங்க பயந்த?"

மூன்று வருஷத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது.

"வளைவுல நான் பயப்படவே இல்ல தாயி" என்றாள் சபினா. "விழும்போது சூப்புச் சட்டி போச்சேன்னுதான் நெனச்சேன்."

ஃபெர்மினின் கையில் தொப்பி நின்றது.

"ஆபரேஷன்ல நடுவுல முழிச்சுக்கிட்டேன். குப்புறப் போட்டிருந்தாங்க. கண்ணு தொறக்கல, விரல் அசையல. செருப்ப முன்னாடியே கழட்டிட்டாங்க, பாதம் ரெண்டும் ஜில்லுனு இருந்துச்சு. முதுகுல டொக்கு டொக்குனு அடிச்சாங்க. எலும்புல அடிக்கிறது பல்லுல கேட்டுச்சு. யாரோ ஞாயித்துக்கெழம பந்து மேட்ச் பத்திப் பேசிச் சிரிச்சாங்க. நான் இருக்கேன், நான் இருக்கேன்னு உள்ளயே கத்தினேன். எவ்வளவு நேரம்னு தெரியல."

அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. ஆபரேஷனுக்கு மறுநாளே ஒரு நர்ஸிடம் சொல்லியிருந்தாள். மருந்தில் வந்த கனவு என்று நர்ஸ் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அதோடு சபினா வாயை மூடிக்கொண்டாள்.

"மூணு வருஷமா என்னைய அந்த வளைவுல நின்னு கத்த விட்டியே" என்றான் ஃபெர்மின்.

"நீ அழுதுக்கிட்டிருந்த. உன் அழுகைய நிறுத்திட்டு இதச் சொல்ல எனக்கு வாய் வரல."

அவன் எழுந்து வெளியே போய், சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டு வந்தான். "திங்கக்கெழம ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடுவோம்."

"ஆணி தளந்திருக்குய்யா. செய்யலேன்னா நடக்கவே முடியாதுங்கறார். ஆனா ஒருத்திய அங்க விட்டுட்டு, இன்னொருத்தியும் போய்ப் படுக்க என்னால முடியாது."

"அப்ப திங்கக்கெழமைக்குள்ள அவள வெளிய கொண்டாந்துடுங்க" என்றாள் பசிலியா அம்மா. "கூப்ட்டுட்டு நடங்க. வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அங்கேயே நின்னுடுவா."

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். ஆஸ்பத்திரியின் முன்வாசலில் ஃபெர்மின் சால்வையை விரித்தான். தரையெல்லாம் சிமெண்ட். காணிக்கையாகக் கொண்டுவந்த கோக்கா இலையைப் புதைக்கக் கையகல மண் இல்லை. காவலாளி விசிலோடு வந்ததும், திட்டு விழப்போகிறது என்று சபினா தலையைக் குனிந்தாள். அவன் சால்வையைப் பார்த்தான். விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எந்த மாடி அண்ணே?"

"மூணு. ஆபரேஷன் அறை."

"இங்கேருந்து கத்தினா கணக்கு எழுதற ஆபீஸுக்குத்தான் கேக்கும். பின்பக்கம் வாங்க." நடந்துகொண்டே சொன்னான்: "எலையை அந்தப் பூந்தொட்டியில வைங்க, அங்கதான் எல்லாரும் வைக்கறாங்க. செடி எப்படி வளந்திருக்கு பாருங்க."

பின்பக்கம் மூன்றாவது மாடியில் பால் நிறக் கண்ணாடி ஜன்னல் ஒன்றில் விளக்கு எரிந்தது. உள்ளே யாரையோ அறுக்கிறார்கள். காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றான்.

ஃபெர்மின் சால்வையை உயர்த்தி ஆட்டினான். முதல் தடவை குரல் எழும்பவில்லை. "சபினா, வா. அங்க இருக்காத. முடிஞ்சுது, வா, வீட்டுக்குப் போலாம்." இரண்டாம் தடவை சுவரில் பட்டுத் திரும்பியது. மூன்றாம் தடவை அவன் இப்படிக் கூப்பிட்டான்: "நீ இருக்கேன்னு எனக்குத் தெரியும் சபினா. கேட்டுச்சு. வா."

மேலே இருப்பவள் வர வேண்டும் என்றுதான் சபினாவும் வந்தாள். வந்தால், கேட்டதையெல்லாம் கூட்டிக்கொண்டுதானே வருவாள்? அந்த டொக்கு டொக்கு அவளுக்கு இன்னும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்குமே. அவளை எந்த இடத்தில் படுக்க வைப்பது? வேண்டாம் என்று ஒரு கணம் சொல்லப் பார்த்தாள்.

சபினா முன்னால் நடந்தாள். சுருட்டிய சால்வையை நெஞ்சோடு அணைத்தபடி ஃபெர்மின் பின்னால் வந்தான். வீட்டுக்குப் போகும் பாதை சரளை மேடு. ஒவ்வோர் அடிக்கும் இடுப்பில் மின்னல் வெட்டியது. ஃபெர்மினின் பூட்ஸ் சத்தம் அவளுக்குப் பழக்கம். தண்ணீர்க் குழாயைத் தாண்டியபோது அதற்கும் பின்னால் வேறொன்று கேட்டது. மெதுவாக, சரளையில் வைப்பதும் தயங்குவதுமாக. வெறுங்கால்.

"ஃபெர்மின்."

"திரும்பாத" என்றான் அவன். அவன் குரலும் சரியில்லை.

செருப்பை முன்னாடியே கழற்றிவிட்டார்களே என்று அவளுக்கு நினைவு வந்தது. அன்று அதை யார் எடுத்து வைத்தார்கள்? யாரும் திருப்பித் தரவில்லை. மூன்று வருஷமாக ஜில்லிட்ட பாதம்.

சபினா நின்றாள். குனிய முடியாது, அதனால் குதிகாலை உந்தித் தன் டயர் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாதையின் நடுவிலேயே விட்டாள். கல் சுருக்கென்று குத்தியது. மறுபடி நடந்தாள். பின்னால் பூட்ஸ் சத்தம் ஒரு கணம் தடுமாறி, செருப்பைச் சுற்றிக்கொண்டு வந்தது.

பத்தடி போயிருப்பார்கள். பின்னால், பாதையின் நடுவில், டயர் செருப்பு தரையில் பட்டுப் பட்டு வரத் தொடங்கியது.