ஆசிட் ரூம் வாசல்ல ஒரு சண்டை

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு எல்லாரும் சொல்வாங்க. பொய்யில்லை, வரும். ஆனா எங்க அண்ணியோட ஒரே ஒரு நாள் இருந்து பாருங்க. அப்புறம் வந்து என்னைக் குறை சொல்லுங்க.

அண்ணின்னா என் வீட்டுக்காரரோட அக்கா. அப்பா அம்மா போனதும் தம்பியை ஆளாக்கினவங்க. தனக்குன்னு கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கலை. சாயப்பட்டறையில ஆசிட் ரூம் அவங்க பொறுப்பு. அதே பட்டறையில சாயம் கலக்கற பக்கம் நான். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே வேலை. பொழுது விடிஞ்சா அண்ணி, பொழுது போனாலும் அண்ணி. நான் என்ன பாவம் பண்ணினேனோ தெரியலை.

ஆசிட் எதுக்குன்னு கேட்பீங்க. சாயம் போட்ட துணியில காரம் தங்கிடும். அதை எடுக்க அசிட்டிக் ஆசிட் வேணும். வினிகர்ல இருக்கறதும் அதேதான், ஆனா அதுல துளியூண்டு. எங்களுக்கு டிரம்ல வர்றது தண்ணி கலக்காத சரக்கு. கையில பட்டா தோல் வெந்துடும், பக்கத்துல நெருப்பு இருந்தா பத்திக்கும். அதனாலதான் டிரம் மேல ரெண்டு படம் ஒட்டியிருக்கும். ஒண்ணுல கை அரிச்சுப்போற மாதிரி, இன்னொண்ணுல தீ. கலக்கும்போது முதல்ல தண்ணி, அப்புறம்தான் ஆசிட். மாத்தி ஊத்தினா மூஞ்சில தெறிக்கும். குளிர் வந்தா உறைஞ்சு போய் அசையாம உக்காந்துக்கும், எங்க வீட்டுக்காரர் மாதிரி. இதெல்லாம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்லை. அண்ணிகிட்ட திட்டு வாங்கியே தெரிஞ்சுக்கிட்டது.

பட்டறையில அவங்களுக்கு மூக்கம்மான்னு பேரு. ஒரு மூடி அரைச் சுத்து லூஸா இருந்தாப் போதும், கேட்டுக்குள்ள நுழையும்போதே கண்டுபிடிச்சுடுவாங்க. வீட்லயும் அதே மூக்குதானே! "என்ன எண்ணெயைத் தடவியிருக்கே, பஸ்ல பக்கத்துல உக்கார முடியலை." "இது சோப்பா, பினாயிலா?" "துணி சரியாக் காயலை, முகர்ந்து பாரு." நான் மூச்சு விட்டாக்கூட அதுல ஒரு குறை இருக்கும்.

அப்புறம் அண்ணிக்கு ஒரு காய்ச்சல் வந்து போச்சு. அதுக்கப்புறம் என்னைத் திட்டறதையே நிறுத்திட்டாங்க. அடேயப்பா, காய்ச்சலுக்கு ஒரு கும்பிடு போடணும்னு நினைச்சேன். அதே எண்ணெய், அதே சோப்பு, ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாள் சந்தேகம் வந்து, திரிஞ்சு புளிச்சுப்போன பாலை டம்ளர்ல ஊத்தி மூக்குக்கு நேரா நீட்டினேன். வாங்கி வாய்கிட்ட கொண்டு போயிட்டாங்க. பதறிப்போய்ப் பிடுங்கிட்டேன்.

"என்னடி?"

"ஈ விழுந்திருக்கு அண்ணி."

அண்ணிக்கு வாசனையே தெரியலைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஆசிட் ரூம்ல முதல்ல எச்சரிக்கை கொடுக்கறது மூக்குதான். மூக்கு இல்லைன்னா கண்ணு எரியும்போதுதான் தெரியும். அதுக்குள்ள ஆள் உள்ளே போய் நின்னிருப்பாங்க. மேனேஜர்கிட்ட சொல்லிடலாம். சொன்னா அன்னைக்கே அண்ணியை பண்டல் கட்டற இடத்துக்கு அனுப்பிடுவாங்க. அவங்களுக்குன்னு இந்த உலகத்துல இருக்கறது அந்த ரூம் ஒண்ணுதான். அது போச்சுன்னா உடைஞ்சு போயிடுவாங்க. சரி, அவங்ககிட்டயே கேட்டுடலாமா? கேட்டா ஒத்துக்கற ஜென்மமா அது?

யோசிச்சு யோசிச்சு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில இறங்கினேன். தினமும் காலையில ஆசிட் ரூம் வாசலுக்குப் போய்ச் சண்டை போட ஆரம்பிச்சேன். சண்டைன்னா மூச்சை நல்லா இழுக்கணும் இல்லையா? கதவு இடுக்குகிட்ட நின்னு இழுத்துட்டு, உள்ளே ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும் திட்டி முடிச்சுட்டு வந்துடுவேன். யாருக்கும் சந்தேகம் வரலை. எங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சவங்களுக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

"நேத்து அனுப்பின கேன்ல மூடியை என்னத்துக்கு அப்படி இறுக்கினீங்க? என் மணிக்கட்டே போச்சு."

"பின்னே, உன் வாய் மாதிரி திறந்தே வெக்கணுமா?"

இப்படித்தான் போகும். எனக்கு ஒரு அதிர்ஷ்டம், நான் எப்போ போனாலும் கதவு பூட்டியே இருக்கும். அண்ணி கையுறையை மாட்டறேன், ஏப்ரனைக் கட்டறேன்னு வெளியவே மல்லுக்கட்டிக்கிட்டு நிப்பாங்க. என்னைப் பார்த்ததும் "வந்துட்டியா? ஆரம்பி"ம்பாங்க. வர வர மெதுவாகிட்டாங்க, வயசாகுதுன்னு நினைச்சுக்குவேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அண்ணி தலைவலின்னு லீவு சொல்லி, ரூம் சாவியை மேஸ்திரிகிட்ட கொடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. சாயந்தரம் நான் வீட்டுக்கு வந்தா தெருமுனையிலேயே கருகல் நாத்தம். ஓடினேன். அடுப்புல பால் தீய்ஞ்சு பாத்திரம் கரியா இருக்கு. ரெண்டடி தள்ளி நாற்காலியில அண்ணி சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. பயத்துல எனக்கு வாய் என்ன பேசுதுன்னே தெரியலை.

"வீட்டைக் கொளுத்தப் பார்த்தீங்களா? மூக்கை என்ன வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அண்ணி எழுந்து பாத்திரத்தைத் தொட்டியில போட்டுட்டு, "நாளையிலேர்ந்து என் ரூம் வாசல்ல வந்து நிக்காதே"ன்னாங்க.

"வந்தேன்னா ஏன்னு கேளுங்க!"

வீறாப்புல சொன்னதுதான். மறுநாள் வேற பஸ்ல போனேன். நேரா என் இடத்துக்குப் போய்ச் சாயப்பொடியை எடை போட்டுக்கிட்டு இருந்தேன். மனசு மட்டும் அங்கேயே நின்னுச்சு. போகலாமான்னு ஒரு பக்கம், போடின்னு ஒரு பக்கம். அப்போ மேஸ்திரி கத்திக்கிட்டே வந்தார்.

"துணி ஆசிட்டுக்குக் காத்துக்கிட்டுக் கிடக்கு. உங்க அண்ணி இன்னும் ரூமைத் திறக்கலை. என்னாச்சு அந்தம்மாவுக்கு? யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க."

கையில இருந்த கரண்டியை அப்படியே போட்டுட்டுப் போனேன்.

வாசல்ல ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வண்டியோட நிக்கறார். அண்ணி ஏப்ரன், பூட்ஸ், கண்ணாடி எல்லாம் போட்டுக்கிட்டுக் கதவை மறிச்சுக்கிட்டு நிக்கறாங்க. "பூட்டு மக்கர் பண்ணுது"ங்கறாங்க. எங்கே மக்கர் பண்றது? சாவி கழுத்துக் கயித்துல தொங்குது, பூட்டுகிட்டயே போகலை. என்னைப் பார்த்ததும் அவங்க தோள் கொஞ்சம் இறங்குச்சு.

"என்ன, இன்னைக்கு வாய்க்கு லீவா?"ன்னாங்க. "ஆரம்பி."

திட்டறதுக்குத்தான் வாயைத் திறந்தேன். மூச்சை இழுத்தேன். சுருக்குன்னு மூக்குல ஏறுச்சு.

"அண்ணி, அடிக்குது."

"எது?"ன்னு கேக்கலை. "உனக்கு எப்படித் தெரியும்?"னும் கேக்கலை. "எவ்வளவு?"ன்னாங்க. "மூடி லூஸான மாதிரியா, கொட்டின மாதிரியா?"

"கொட்டின மாதிரி."

அவ்வளவுதான், ஆள் மாறிட்டாங்க. "தீப்பொறி வரும், வண்டியை இங்க ஆஃப் பண்ணாதீங்க, ஆன் பண்ணாதீங்க, அப்படியே ஓட்டிட்டுத் தூரப் போங்க"ன்னாங்க டிரைவர்கிட்ட. ரூமோட ஃபேன் சுவிட்ச் வெளியேதான் இருக்கு. அதைப் போட்டுட்டு, காத்து நல்லா ஓடற வரைக்கும் யாரையும் அசைய விடலை. கையுறை, பூட்ஸ் எடுத்துக் கொடுத்து, முகம் முழுக்க மூடற மாஸ்க்கை எனக்கு அவங்களே மாட்டிவிட்டு, பட்டையை இழுத்து, ஓரத்துல விரலை விட்டுச் சரிபார்த்தாங்க. அண்ணி என்னைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

கதவைத் திறந்தோம். ஓரத்து டிரம்ல குழாய் கோணிப்போயிருக்கு, அதுலேர்ந்து ராத்திரி பூரா சொட்டியிருக்கு. தரையில ஒரு ஓடை. அதுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைக் கேன் வரிசையா அடுக்கியிருக்கு. அண்ணி அதைப் பார்த்ததும் என் கையைப் பிடிச்சுட்டாங்க. பெராக்சைடு, துணியை வெளுக்கறதுக்கு. அது இருக்க வேண்டிய ரூம் பட்டறையோட அந்தக் கோடி. ஆசிட் போய் அதுல கலந்தா எப்போ வெடிக்கும், எப்போ பத்தும்னு சொல்ல முடியாது. ஓடைக்கும் கேனுக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்லை.

முதல்ல மணலைக் கொட்டிக் குறுக்கே அணை போட்டோம். அப்புறம் கேன் ஒவ்வொண்ணா கைவண்டியில வெளியே. நான் அவசரப்பட்டேன். அண்ணி கையை ஆட்டி, மாஸ்க்குக்குள்ளேர்ந்தே மெதுவா, மெதுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதுக்குள்ள டிரைவர் உதவி பண்றேன்னு மரத்தூள் மூட்டையோட வந்துட்டார் பாவம். மரத்தூள் எரியற சாமான் ஆச்சே! அவரை வாசல்லயே நிறுத்தி, ஆசிட்டை முறிக்கற சோடா ஆஷ் எடுத்து வரச் சொன்னாங்க. சாயப்பட்டறையில அதுக்கா பஞ்சம்? குழாயைச் சரிபண்ணி, அடியில தட்டு வெச்சுட்டு, ஓரத்துலேர்ந்து நடுவை நோக்கி சோடாவைத் தூவினோம். புஸ்ஸுன்னு நுரைச்சு, நுரைச்சு, அப்புறம் அடங்குச்சு. வெளியே வந்துதான் மாஸ்க்கைக் கழட்டினோம்.

நேத்து மத்தியானம் மழையில பெராக்சைடு ரூம் ஒழுகியிருக்கு. நனையக்கூடாதேன்னு மேஸ்திரிகிட்ட சாவியை வாங்கி டிரைவர்தான் கேனையெல்லாம் இங்க மாத்தியிருக்கார். அப்போ வண்டி முன்னாடி சாமான் தூக்கற முள்ளு இடிச்சுக் குழாய் கோணியிருக்கு, அவருக்கே தெரியலை.

"படத்தைப் பார்த்துத்தான் வெச்சேன் அக்கா. இதுலயும் தீ, அதுலயும் தீ. ஒரே ஜாதின்னு நினைச்சுட்டேன்"னு கண் கலங்கிட்டார்.

அண்ணி அவரைத் திட்டலை. கேன் பக்கத்துல கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. "இந்தத் தீக்கு அடியில ஒரு வட்டம் இருக்கு பாருங்க. வட்டம் இல்லைன்னா தானே எரியற பொருள். வட்டம் இருந்தா அடுத்ததை எரிய வெக்கற பொருள். ரெண்டையும் ஒரே ரூம்ல குடி வெக்கக்கூடாது."

"உங்க ரெண்டு பேரையும் மட்டும் ஒரே வீட்ல வெச்சிருக்காங்க"ன்னார் மேஸ்திரி. அந்த நிலைமையிலயும் சிரிப்பு வந்து தொலைச்சுது.

மேனேஜர் ரூமுக்கு அண்ணி என்னையும் இழுத்துட்டுப் போனாங்க. மேனேஜர் நிதானமான பொம்பளை. நடந்ததைக் கேட்டுட்டு, "நல்லவேளை, கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு வாசனை வந்துடுச்சு"ன்னாங்க.

"எனக்கு வரலைம்மா"ன்னாங்க அண்ணி. "காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரியலை. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு சொல்லாம இருந்துட்டேன். தப்புதான். நேத்து டாக்டர் இனி வராதுன்னு சொல்லிட்டார்."

நேத்து. சுவத்தைப் பார்த்து உக்காந்திருந்தது அதுக்குத்தான். அப்பத்தான் நான் போய் வாடகைக்கு விட்டீங்களான்னு கேட்டிருக்கேன்.

"அப்போ இத்தனை நாளா எப்படி...?"

அண்ணி என் பக்கம் திரும்பாமலே சொன்னாங்க. "இவ தினமும் காலையில சண்டை போடற சாக்குல வந்து முகர்ந்து பார்ப்பா. இவ வந்துட்டுப் போகாம நான் ஒரு நாளும் அந்தக் கதவைத் திறந்ததில்லை."

கையுறையோட மல்லுக்கட்டு, ஏப்ரன் கயிறு, பூட்டு மக்கர். எல்லாம் எனக்காகக் காத்திருந்தது. நான் என்னமோ பெரிய சாமர்த்தியசாலின்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

மேனேஜர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. அப்புறம், "ஒருத்தரோட மூக்கை நம்பி அந்த ரூமை விட்டது எங்க தப்பு. சுவத்துல சென்சார் மாட்டச் சொல்றேன். ஆனா சாவி இனி உங்ககிட்ட இருக்க முடியாதும்மா"ன்னாங்க. அண்ணி தலையை ஆட்டினாங்க. கழுத்துக் கயித்தைக் கழட்டி, மேஜை மேல வெக்காம என் கையில வெச்சாங்க. அந்தக் கயிறு சூடா இருந்துச்சு.

அன்னைக்குச் சாயந்தரம் வீட்ல அண்ணி அடுப்பைப் பத்த வெச்சுட்டு, எப்பவும் இல்லாம என்னைக் கூப்பிட்டாங்க.

"இந்தா, பால் வெச்சிருக்கேன். கருகுதான்னு பார்த்துச் சொல்லு."

"இல்லை அண்ணி, நல்லாத்தான் இருக்கு"ன்னேன்.

மறுநாள் ஆசிட் ரூம் வாசல்ல நான் நின்னேன். ஏப்ரன் கட்டியாச்சு, பூட்ஸ் போட்டாச்சு. கதவு இடுக்குல முகர்ந்தும் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை. மேஸ்திரி ரெண்டு தடவை வந்து கத்திட்டுப் போனார். "பூட்டு மக்கர் பண்ணுது"ன்னேன். சாவி என் கழுத்துலயே இருந்துச்சு.

பண்டல் பக்கத்துலேர்ந்து அண்ணி கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தாங்க. மாஸ்க் பட்டை ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அவங்க கண்ணு அதுல போய் நின்னுடுச்சு.

"வந்துட்டீங்களா?"ன்னேன். "ஆரம்பிங்க."