ஏலத்தில் எடுத்த பிரேக்

'ரெண்டாவது நாளே பெடல் தரையோட போயிடுச்சு தங்கச்சி. அதே ஆள்கிட்டயா வாங்குனீங்க? வண்டிய எடுக்காதீங்க.'

போனில் வந்த பதிலைப் படித்ததும் பாயிலிருந்து எழுந்துவிட்டேன். நைனா அந்த வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருக்கிறார். இன்று அமாவாசை ராத்திரி. வேன் நிறைய ஜனம்.

"அம்மா, நைனா போன் பண்ணாரா?"

"கொஞ்ச நேரம் முன்னாடி பண்ணாரு. ஆள் ஏத்திக்கினு கெளம்பிட்டாராம்." அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "பெடல் கொஞ்சம் எறங்குதாம். ரெண்டு தபா அமுக்குனா புடிச்சிக்குதாம்."

"இத ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ இன்னா மெக்கானிக்கா?"

திரும்பிப் படுத்துவிட்டாள். இந்த வீட்டில் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

எங்கள் வேன் பழசு. அதன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளிச் சக்கரங்களைப் பிடிக்க வைக்கிற சாமான், ஒழுக ஆரம்பித்துவிட்டது. செஞ்சியில் கிடைக்கவில்லை. விழுப்புரத்திலும் அந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை என்றுவிட்டார்கள். அதனால் ஆன்லைனில் பழைய சாமான்களை ஏலம் விடுகிற இடத்தில் தேடச் சொல்லி நைனா போனை என்னிடம் கொடுத்தார்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. சாமானை விற்கிற ஆளுக்கு ஸ்டார் நிறைய இருந்தது. ஆனால் பாராட்டியவர்கள் எல்லாரும் வாங்கியது செல்போன் கவர். பிரேக் வாங்கியவர் ஒரே ஒருவர். அவர் எதுவும் எழுதவில்லை. சாமானில் பொறித்திருக்கும் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முன்பே போட்டிருந்த படத்தையே திரும்பவும் அனுப்பினான். வேண்டாம் நைனா என்றேன்.

காதில் வாங்கினால்தானே. வேறு யாரோ விலையை ஏற்ற ஏற்ற, குலதெய்வக் கோயில் திருவிழாவில் வேலில் குத்திய எலுமிச்சம்பழத்தை ஏலம் கேட்கிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஏத்து தமிழு, ஏத்து. வுட்டுடாத." கிடைத்ததும் வேன் ஸ்டாண்டில் எல்லாருக்கும் டீ.

பார்சல் வந்தது. பெயிண்ட் பளபளத்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே துரு. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடம். திருப்பி அனுப்ப இன்னும் நாள் இருந்தது.

"அனுப்பிடலாம் நைனா."

"ஏலத்துல எடுத்தத எவனாவது திருப்பிக் குடுப்பானா? போன வருசம் கோயில்ல எடுத்த பழம் பாதி காஞ்சிதான் இருந்துச்சு. வேற பழம் குடுன்னா கேட்டேன்?"

"அது சாமி பழம். இது எவனோ வித்த பிரேக்கு."

"ஏலம்னா ஏலந்தான். நம்ம பேருக்கு வுழுந்தத வேணாம்னு சொல்லக் கூடாது."

"பழம் வண்டிய நிறுத்தாது நைனா."

"வாயி நீளுது உனக்கு."

மெக்கானிக் அரிகிருஷ்ணன் அதை மாட்டிவிட்டு, "பெடல் இப்ப கெட்டியாத்தான் இருக்குது. ஆள் ஏத்தாம ஒரு வாரம் ஓட்டிப் பாருண்ணா" என்றார். அமாவாசை ஒரு வாரம் காத்திருக்குமா என்று கேட்டு நைனா சிரித்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பிரேக் வாங்கிய அந்த ஒருவருக்கு அன்றைக்கே எழுதிக் கேட்டேன். அவர் பதில் இப்போதுதான் வந்திருக்கிறது.

நைனாவோடு ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிற குரு மாமாவுக்குப் போன் அடித்துப் பார்த்தேன். அவர் இன்னும் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். "உங்க நைனா அப்பவே கெளம்பிப் பூட்டாரு பாப்பா. அவருக்கே அடி" என்று வைத்துவிட்டார்.

அடிக்கலாம். ஆனால் யார் கூப்பிட்டாலும் வண்டியை நிறுத்தாமல், ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டுப் போனை எடுத்து, குனிந்து பெயர் பார்ப்பார் நைனா. வழியில் ஏரிக்கரை வளைவு இருக்கிறது. அங்கே அவருக்கு இரண்டு கையும் வேண்டும், கண் ரோட்டில் வேண்டும், பெடலை இரண்டாவது முறை மிதிக்க நேரமும் வேண்டும். இந்நேரம் அங்கேதான் வந்துகொண்டிருப்பாரோ என்னவோ. அடிக்காமல் விட்டால், பெடல் எந்த இடத்தில் தரையோடு போகும் என்பது அவருக்கும் தெரியாது, பின்னால் தூங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் தெரியாது.

அடிக்கட்டுமா, வேண்டாமா?