வாக்கு இருந்தா சொல்லுங்க

குளிப்பாட்டும் தண்ணீரில் கலக்கக் கற்பூரத்தை நுணுக்கிக்கொண்டிருந்தாள் ஹஸ்னா. இஞ்சி இடிக்கும் குழவிதான் கைக்குக் கிடைத்தது. கொல்லையில் தார்ப்பாய் மறைப்புக்குள் அவளுடைய அத்தா மீரானின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மரக்காணத்து உப்பளங்களுக்கெல்லாம் தார்ப்பாய் விற்றவருக்கு மறைப்பும் வாசல் பந்தலும் சொந்தக் கடைச் சரக்கு. அந்த மட்டில் குறை ஒன்றும் இல்லை.

"ரெண்டும் காலேஜ்தானே பாப்பா," என்றாள் பக்கத்து வீட்டு அம்சவல்லி, ஆறுதல் சொல்கிற நினைப்பில். "திண்டிவனத்துல படிச்சா படிப்பு ஏறாதா? அம்மாவ உட்டுட்டு பாண்டியில ஆஸ்டல்ல எப்பிடி இருப்ப?"

கற்பூரம் எப்போதோ மாவாகிவிட்டிருந்தது. இருந்தும் ஹஸ்னா இடித்தாள்.

இரண்டும் சின்னக் கல்லூரிகள்தான். இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. போன வாரம் அத்தா, அம்மா, அவள் என்று மூவரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். திண்டிவனத்தில் இருந்தது பெண்கள் கல்லூரி. காம்பவுண்டுச் சுவரின் உயரத்தைப் பார்த்ததுமே அம்மா சுரையாவுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. பாண்டிச்சேரியில் வாட்ச்மேனே அத்தாவை நூலகத்துக்குள் அழைத்துப்போய் ஃபேனுக்கடியில் உட்கார வைத்தான். ஹஸ்னா ஆசைப்பட்ட வரலாறு பாண்டியில்தான் இருந்தது. திரும்பும்போது அத்தா சொன்னார்: "திண்டிவனத்துக்காரன் செவுரு நல்லா கட்டியிருக்கான். புஸ்தகத்தத்தான் பீரோல வச்சுப் பூட்டிட்டான்."

நேற்றுச் சாயங்காலம் டீ குடிக்கும்போது முடிவையும் சொல்லிவிட்டார். "பாண்டிக்கே போ. திங்கக்கெழம நானே கூட்டினு போயி சேத்து உடுறேன். இது என் வாக்கு." சுரையா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். "சக்கர போதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கிய மனுஷன், நெஞ்சைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம் இடிப்ப?" அண்ணன் ஷஃபி வந்து கற்பூரத்தை வாங்கிக்கொண்டான். அம்சவல்லி பேசியது அவன் காதிலும் விழுந்திருந்தது. "அது முடிஞ்சிபோன விஷயங்க. திண்டிவனம்தான். அம்மா இத்தால ஒக்காந்துட்டா நாலு மாசம் பத்து நாளு வாசல் தாண்ட முடியாது. உப்பு சீசன், நான் கடையப் பாப்பனா, வீட்டப் பாப்பனா? இவ காலையில போனா சாயங்காலம் வந்துருவா இல்ல?"

கஃபன் துணி சுற்றி, எல்லோரும் முகம் பார்த்த பிறகு, சந்தூக்குப் பெட்டியில் வைத்து வாசல் பந்தலுக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் உள்ளே ஜன்னலோரம் நின்றுகொண்டார்கள். ஷஃபி தொண்டையைச் செருமினான்.

"எங்கத்தா யாருக்காவது ஏதாவது வாக்கு குடுத்திருந்தா இப்பவே சொல்லுங்க. நான் ஏத்துக்கறேன். தப்பு ஏதாவது நடந்திருந்தா மன்னிச்சிடுங்க."

மய்யித்தைத் தூக்குவதற்கு முன் மகன் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்காமல் தூக்கினால் போகிறவர் பாரத்தோடு போவார் என்று அத்தாவே எத்தனையோ சாவு வீடுகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

உப்பளத்து சிங்காரம் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தார். "பேத்தி கல்யாணப் பந்தலுக்குத் தார்ப்பா தர்றன்னு சொல்லியிருந்தாரு தம்பி."

"வாங்கிக்கங்கண்ணே. எங்கத்தா வாக்கு, என் வாக்கு." ஷஃபி ஒரே மூச்சில் சொன்னான். கூட்டம் தலையாட்டியது. பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார் யாரோ.

"வேற யாராவது இருக்கீங்களா?"

ஹஸ்னா அம்மாவைப் பார்த்தாள். சுரையாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே மகளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். ஹஸ்னா கையை உதறி ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"எனக்குக் குடுத்திருக்காரு."

பந்தலில் ஆண்கள் தலை குனிந்துகொண்டார்கள். தார்ப்பாய் மட்டும் கடல்காற்றில் படபடத்தது.

"என்னய பாண்டி காலேஜில சேக்கறேன்னு நேத்து வாக்கு குடுத்தாரு."

"ஹஸ்னா, உள்ள போ!"

"இருப்பா ஷஃபி," என்று கையமர்த்தினார் பள்ளிவாசல் ஹஜ்ரத். "கேக்கறதுக்கு அதுக்கும் உரிமை இருக்குது. யாராவது கூட இருந்தாங்களாம்மா?" சிங்காரத்திடம் அவர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"அம்மா இருந்தாங்க."

சுரையா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். குரலில் நடுக்கமே இல்லை. சர்க்கரை போதுமா என்று கேட்ட அதே குரல்.

"அப்பிடி ஒண்ணும் சொல்லலீங்க ஹஜ்ரத். புள்ள அதிர்ச்சில என்னமோ பேசுது. நீங்க தூக்குங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஹஜ்ரத். "மீரான் பாய் பாரம் இல்லாமப் போறாரு."

கலிமா சொல்லிக்கொண்டே தூக்கினார்கள். சந்தூக்கு தெருமுனையில் திரும்பும்வரை ஹஸ்னா கம்பியை விடவில்லை.

"நீயும் போயிட்டா? ஷஃபி என்னைக்காவது எனக்கு ஒரு டீ போட்டுக் குடுத்திருக்கானா?" என்றாள் சுரையா ஹஸ்னாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக.

பெண்கள் அதே அறையை இத்தாவுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். பாயும் தண்ணீர்க் குடமும் வந்தன. தெருவைப் பார்த்த ஜன்னல் அது ஒன்றுதான், மறைக்க வேண்டும். அம்சவல்லி திரைத்துணி தேடினாள்.

"வேணாங்க்கா. நானே சாத்திடறேன்," என்றாள் ஹஸ்னா.

"முழுசா சாத்தாதடி," என்றாள் சுரையா பாயில் உட்கார்ந்தபடி. "காத்தே வராது. இந்த வெயில்ல வெந்து செத்துருவேன்."

ஹஸ்னா இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்தாள். உப்புக்காற்றில் துருவேறிய தாழ்ப்பாள் பாதியிலேயே நின்றுவிட்டது. அடுப்பங்கரைக்குப் போய்க் குழவியை எடுத்து வந்தாள். அதன் தலையில் வெள்ளைப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது. நிதானமாக, ஒவ்வொரு அடியாக, தாழ்ப்பாள் அடிவரை இறங்கும்மட்டும் தட்டினாள்.

அறை இருட்டியது. கற்பூரம் மணத்தது.