இரண்டு நாள் தண்ணீர்

சுருளிவேல் கிணற்றில் கரண்டு மோட்டார் ஓடிய அன்று ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்த்தது. சாணார்பட்டிப் பக்கம் அவர்கள் ஊருக்கு அதுதான் முதல் மோட்டார். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பொத்தானை அமுக்கியதும் குழாயிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு விழ, பல்லுப் போன கிழவர்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நனைந்தார்கள். போகாதவள் பொன்னழகு ஒருத்திதான். போவதற்கு உரிமை இல்லாமல் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கிணற்றுத் தண்ணீர் அவளுடையது.

அது வந்த கதை இப்படி. சுருளிவேல் அவளுக்கு அத்தை மகன். இரண்டு குடும்பத்துத் தோட்டமும் ஒரே வரப்பில் ஒட்டிக் கிடந்ததால், இதுகளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் வரப்பையே வெட்டிவிடலாம் என்று பெரியவர்கள் மனக்கோட்டை கட்டினார்கள். கல்யாணமும் நடந்தது. ஆனால் வரப்பு நிலைத்தது, கல்யாணம்தான் நிலைக்கவில்லை. இரண்டு பேருக்கும் வாய் ஒரே நீளம். அவன் ஒன்று சொன்னால் இவள் ஒன்பது சொல்வாள். இவள் ஒன்பது சொல்லி முடிப்பதற்குள் அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான்.

நான்கு வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்த பசுவை மணப்பாறைச் சந்தையில் விற்றுவிட்டு வந்து நின்றான்.

“என்னய ஒரு வார்த்தை கேட்டீகளா?” என்றாள்.

“என் வீட்டு மாட்டை விக்க நான் யாரைக் கேக்கணும்?” என்றான்.

அன்று சாயங்காலமே அவள் தன் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டி அப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியவர்கள் பிள்ளையார் கோயில் முன்னால் கூடினார்கள். அந்தச் சனங்கள் இதற்கெல்லாம் திண்டுக்கல் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டார்கள், உறவு தீர்ந்தது. ஜீவனாம்சம் என்ன கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது சுருளிவேல் கையில் ரொக்கம் இல்லை. அப்பன் அவள் பெயருக்கு எழுதிவைத்த நிலத்திலோ கிணறு இல்லை. ஆகவே அவள் இன்னொருத்தனுக்குக் கழுத்தை நீட்டாதவரைக்கும், சுருளிவேல் கிணற்றில் புதனும் சனியும் தண்ணீர் அவளுக்கு என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். துரும்பு கிள்ளும்போதும் சரி, தண்ணீரைப் பங்கு வைக்கும்போதும் சரி, உனக்கு என்னம்மா வேண்டும் என்று ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் அந்தத் தண்ணீரைத்தான் கேட்டிருப்பாள். ஆனாலும் கேட்காமல் போனது அவள் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இதை ஊர் நம்பாது. தனிக்கட்டை, பாவம் என்று உச்சுக் கொட்டும். அவளோ அப்பன் செத்த பிறகு ஒரு ஜோடி மாடு வாங்கி, கிணற்றில் கமலை கட்டி அதுகளை ஓட்டித் தண்ணீர் இறைத்து, நாற்பது சென்ட்டில் கத்தரி போட்டிருந்தாள். திண்டுக்கல் மார்க்கெட்டில் அவள் கூடையை இறக்கினால் கடைக்காரர்கள் துண்டுக்கடியில் கைவிட்டு விலை பேசப் போட்டி போடுவார்கள். விற்ற காசில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தோசையும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் பஸ் ஏறுவாள். அந்தக் காப்பியைக் குடிக்கும்போது அவளுக்கு இருக்கும் நிம்மதி கழுத்து நிறைய நகை பூட்டிக்கொண்டு போகிறவளுக்குக்கூட இருக்காது.

தண்ணீர் போனால் இவ்வளவும் போகும். நாற்பது சென்ட்டும் கட்டாந்தரை ஆகும். பிறகு வேடசந்தூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டி போடும் சோற்றைத் தின்றுகொண்டு, அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஒரே கிணற்றில் புழங்கினாலும் தீர்ந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. பேசாமலும் இருந்ததில்லை. மாட்டிடம் பேசுவார்கள். வாய்க்கால் உடைத்துக்கொண்டு அவன் வாழைக்குள் தண்ணீர் போனால், சுருளிவேல் வரப்பில் நின்று தன் காளையைப் பார்த்து, “ஏலே, சிலபேருக்குக் கண்ணு பொடனியில இருக்குடா” என்பான். அவள் உடனே தன் மயிலைக் காளையின் கழுத்தைத் தடவி, “ஏ மயிலை, வாய்க்கா வெட்டத் தெரியாதவுகளுக்கு வாய்க்கு மட்டும் கொறச்ச இல்ல” என்பாள். மாடுகள் எட்டு வருஷமாக இரண்டு பக்கத்து வசவையும் வாங்கிக்கொண்டு அசை போட்டன.

மோட்டார் ஓடிய மறுநாள் நாச்சிமுத்து வந்தார். சுருளிவேலுக்குப் பெரியப்பா, அன்றைக்குத் துரும்பு கிள்ளிய பெரியவர்களில் ஒருவர். கத்தரிப் பாத்தி ஓரமாக உட்கார்ந்து, வெற்றிலையை மென்று முடிக்கும்வரை ஊர்க்கதை பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“ஏத்தா பொன்னழகு, கோவப்படாமக் கேளு. கமலையில ரெண்டு நாள் எறச்சா எம்புட்டுத் தண்ணி வருமோ, அதை இந்த மோட்டாரு அரை நாள்ல துப்பிப்புடுது. அதனால ஒனக்கு வாரத்துக்கு அரை நாள் போதும்னு சுருளி சொல்றான். மாடு கட்டி மாரடிக்க வேணாம், அரை நாள்ல வேலை முடிஞ்சிரும். நாயமாத்தான தெரியுது?”

“கேட்டது அவுகளா, நீங்களா மாமா?”

“அவன்தான் சொல்லிவிட்டான். நாங்க நாலுபேரும் பேசிப் பாத்தோம், சரின்னு பட்டுச்சு.”

“நாலுபேருக்குச் சரின்னு பட்டுருச்சா! அன்னைக்கும் நாலுபேருக்குத்தான் பட்டுச்சு. என் கமலை மரத்தைப் பிடுங்கிப் போட்டுட்டுத்தான அந்த எடத்துல கொட்டகை போட்டாக? அப்பயாச்சும் ஒரு வார்த்தை கேட்டாகளா?”

“வெவகாரமாப் பேசாத. கெணறு அவனுது.”

“புதனும் சனியும் என்னுது. ஊரு வாயால சொன்னது. இன்னைக்கு அரை நாள்ம்பீக, வார வருசம் ஒரு நாழிகைம்பீக. நாளைக்கழிச்சு புதன். மோட்டாரு சாவியைக் குடுத்துவிடச் சொல்லுங்க.”

நாச்சிமுத்து மென்றதைத் துப்பிவிட்டுப் போனார். இவளோடு நான்கு வருஷம் குடித்தனம் பண்ணியவனுக்கு ஒரு மாலை போடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாராம்.

புதன் விடிந்ததும் மோட்டார்க் கொட்டகை வாசலில் கண்ணம்மாள் சாவியோடு நின்றாள். சுருளிவேல் இரண்டாவதாகக் கட்டிய பெண்டாட்டி. பூஞ்சை உடம்பு, அதிர்ந்து பேசாதவள். அவளுக்கும் பொன்னழகுக்கும் ஒரு பகையும் கிடையாது. அந்த வீட்டில் குடித்தனம் பண்ணுவது லேசில்லை என்று தெரிந்த இரண்டே பேர் அவர்கள்தானே.

“பச்சையை அமுக்குனா ஓடும்க்கா, செவப்பை அமுக்குனா நிக்கும். காத்தா வந்துச்சுன்னா ஒடனே நிப்பாட்டிருங்க. இல்லேன்னா எரிஞ்சுபோகும்னு அவுக சொன்னாக” என்று சாவியைக் கொடுத்தாள்.

பொன்னழகு பச்சையை அமுக்கினாள். தண்ணீர் வந்த வேகத்தைப் பார்த்து, வந்த கோபமெல்லாம் மறந்து சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துவிட்டாள். கமலையில் ஒரு பாத்தி நிறைகிற நேரத்தில் இங்கே நாலு பாத்தி நிறைந்து அடுத்ததற்கு ஓடியது. மடை மாற்ற மண்வெட்டியோடு அங்கும் இங்கும் ஓடியதில் சேலையெல்லாம் சேறு. கத்தரி முழுக்கப் பாய்ந்து முடிந்தபோது வெயில்கூட ஏறவில்லை. நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாளா? இரண்டு நாள் என்றால் இரண்டு நாள். கத்தரிக்கு அப்பால் மழையை நம்பிக் கிடந்த கம்பங்காட்டுக்குத் திருப்பிவிட்டாள். அந்த மண் குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. வாரா வாரம் இப்படிக் கிடைத்தால் அதிலும் கத்தரி போடலாம், தக்காளி போடலாம், வீட்டுக்கு ஓடு போடலாம் என்று அவள் கணக்கு எங்கோ போய்க்கொண்டிருந்தபோது குழாய் கர்ர் என்று இருமியது. தண்ணீர் விட்டு விட்டு வந்து, கடைசியில் காற்று மட்டும் வந்தது. ஓடிப்போய்ச் சிவப்பை அமுக்கினாள்.

கிணற்றை எட்டிப் பார்த்தாள். அடியில் பாறையும் சேறும் தெரிந்தன. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கிணறு, அதன் அடியை அவள் பார்த்தது அன்றுதான். நாலு கெளுத்தி மீன் சேற்றில் துள்ளிக்கொண்டிருந்தன. சித்திரை மாசத்து ஊற்று, பக்கவாட்டுப் பாறையிடுக்கில் வியர்வை மாதிரி கசிந்தது.

வியாழக்கிழமை சுருளிவேல் வாழைக்குத் தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை இடுப்பளவு ஊறியதை அவன் ஒரு மூலைக்குப் பாய்ச்சினான்; மிச்ச வாழை இலை தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அவன் வரப்புக்கு வந்து கத்துவான் என்று பொன்னழகு காத்திருந்தாள். திருப்பிச் சொல்ல நாலு வார்த்தைகூடத் தயார் பண்ணி வைத்திருந்தாள். அவன் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை அவள் முறை. விடிகாலையில் போய் எட்டிப் பார்த்தால் முழங்கால் தண்ணீர். மோட்டாரைப் போட்டால் கத்தரியில் பாதிக்குக்கூடக் காணாது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்படி இரண்டு நாள் அடம் பிடித்தால் காய்வது அவன் வாழை மட்டுமில்லை, தன் கத்தரியும்தான். அவன் சொல்லிவிட்டது பொய்யில்லை. சண்டைக்காரன் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! கிணற்று மேட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்ப் பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. சுருளிவேல் வந்து கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். முன்பக்கம் முடி கொட்டி நெற்றி பெரிதாகிவிட்டது என்பதை அன்றுதான் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தான். வழக்கப்படி கண் மாட்டைத் தேடியது. மாடு ஏது? கமலை போன பிறகு அவன் மாடு தொழுவத்தில் கிடந்தது, அவள் மாடு புளியமரத்தடியில் கிடந்தது. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் கொட்டகைக்குள் திரும்பி, “ஏ மோட்டாரு...” என்று ஆரம்பித்தான்.

பொன்னழகுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்து அவன் முகம் முதலில் கறுத்தது, பிறகு அவனும் சிரித்துவிட்டான்.

“மோட்டாரு என்னத்தச் சொல்லும்? எங்கிட்டச் சொல்லுங்க” என்றாள்.

அவன் தூணைச் சுரண்டினான். “அதான் பெரியப்பா வந்து சொன்னாரே.”

“அவரு சொன்னது எனக்குக் கேக்கல.”

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்று விளிம்புக்கு வந்தான். அந்த மனுஷனுக்கு நேராகக் கேட்பது எவ்வளவு பெரிய மலை என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

“பொன்னழகு,” என்றான். பெயர் சொல்லி எட்டு வருஷம் ஆகியிருந்தது. “கெணறு தாங்க மாட்டேங்குது. ரெண்டு நாளைக் கொறச்சுக்கிறியா?”

“எம்புட்டுக் கொறைக்க?”

“நீயே சொல்லு. எனக்கு என்ன தெரியும்? ஒன் கத்தரி, ஒனக்குத்தான தெரியும்.”

அவளுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பது மாதிரி துடைத்துக்கொண்டாள். பிறகு கணீரென்று பேசினாள்.

“ரெண்டு நாளும் என் நாளுதான். ஆனா காலம்பற மட்டும். கத்தரி பாஞ்சதும் நிப்பாட்டிருவேன், கம்பங்காட்டுக்கு விட மாட்டேன். மிச்சப் பொழுது கெணறு ஊறட்டும், அன்னைக்கு நீங்களும் தொடக்கூடாது. அப்பத்தான் மறுநாளு ஒங்க வாழைக்குத் தண்ணி இருக்கும்.”

அவன் யோசித்தான். தலையை ஆட்டினான். “நாயந்தான். கரண்டுக் காசு?”

“அது ஜீவனாம்சத்துல சேத்தி.”

“கொழுப்புதான் ஒனக்கு” என்றான். ஆனால் மறுக்கவில்லை.

ஊர் வாயால் தீர்த்ததை மாற்றினால் ஊரில் சொல்ல வேண்டும். மறுநாள் சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் பெரியவர்கள் நாலுபேரும் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். “இந்த ஜீவனாம்ச விசயமா, நாங்க நாலுபேரும் கலந்து, என்ன முடிவு பண்றோம்னா...”

“நீங்க ஒண்ணும் முடிவு பண்ண வேணாம் மாமா. அவுக எங்கிட்டக் கேட்டாக. நான் கொறச்சுக்கிட்டேன்” என்றாள் பொன்னழகு.

நாச்சிமுத்து திகைத்துப்போய் சுருளிவேலைப் பார்த்தார். “என்னடா இது? ஆம்பளை நீ போயி அவகிட்டக் கேட்டியா?”

கூட்டம் முழுவதும் அவனைப் பார்த்தது. அவன் பின்வாங்கிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள்.

“ஆமா, நான்தான் கேட்டேன். அவகிட்டத்தான பெரியப்பா கேக்கணும்?” என்றான் சுருளிவேல்.

முடிவு பண்ண ஒன்றும் மிச்சமில்லாததால் பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். மறுநாள் திண்டுக்கல் போகக் காய் பறிக்க வேண்டியிருந்தது. பொன்னழகு வெளிச்சம் இருக்கும்போதே தோட்டத்தைப் பார்த்து நடந்தாள்.